முன்னறைக்கு எந்தப் பாரதி: ஆஃப்செட்டா, லினோவா, மரச்செதுக்கா?

எட்டயபுரத்துக்காரருக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சுவருக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடம், சலூன், வாசகசாலை என்று எங்கே போனாலும் அதே முண்டாசு, அதே மீசை. பெரும்பாலானவை ஓவியர் ஆர்யா வரைந்த படத்தின் வழிவந்தவை. பாளையங்கோட்டை வீட்டு முன்னறைக்கு ஒரு பாரதி தேடியபோது மூன்று வகை கண்ணில் பட்டன: அச்சகத்தில் அடிக்கும் ஆஃப்செட் வண்ணப்படம், லினோலியத் தகட்டில் வெட்டி அச்சிட்ட லினோகட், மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டுக் கலைஞர் கையெழுத்துப் போட்ட மரச்செதுக்கு.

ஆஃப்செட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு. பூதக்கண்ணாடி வைத்தால் நாலு நிறப் புள்ளிகள் தெரியும். வெயில் விழும் சுவரில் மாட்டினால் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறி, பாரதி நீலம் பாரித்துப்போவார். பிள்ளைகள் பந்தடிக்கும் கூடத்துக்கு இதுவே போதும்.

நிஜப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான். வேலை ஒன்றே: வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டில் உருளையால் மை தடவித் தாளை வைத்து அழுத்துவது. ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. படம் இடம்வலம் மாறித்தான் விழும், அதனால் அடியில் 'பாரதி' என்று பெயர் வெட்டினால் எழுத்தையும் திருப்பியே வெட்டவேண்டும்.

லினோலியம் ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் சேர்ந்த பொருள். அதற்கு நாரோட்டம் கிடையாது, உளி எந்தப் பக்கமும் வளையும். மீசையின் சுழிப்பெல்லாம் வழவழப்பாக வரும், தூரத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று இருக்கும். லினோ என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1930இல் நந்தலால் போஸ் செய்த தடியூன்றி நடக்கும் காந்தி லினோகட்தான்.

மரம் அப்படி இடம் கொடுக்காது. நாருக்குக் குறுக்கே உளி போனால் சிம்பு பெயரும். அந்த மல்லுக்கட்டு முகத்தில் தெரிகிறது. நான் பார்த்த படத்தில் கன்னத்துக் கறுப்புக்குள் பலகையின் ரேகை மெல்லிசாக ஓடியது, கண்ணுக்குக் கீழே கோடுகள் முரட்டுத்தனமாக நின்றன. காலண்டர் பாரதிக்கு வயதே ஆவதில்லை. இவரோ 1918 முதல் 1920 வரை கடையத்தில் காலம் தள்ளிவிட்டு, 38 வயதில் போய்ச்சேர்ந்த மனிதர் மாதிரி இருந்தார். எனக்கு அங்கேயே மனசு விழுந்துவிட்டது.

சரி, கையெழுத்து. படத்துக்குக் கீழே பென்சிலில் இருக்கவேண்டும். இடதுபக்கம் 7/25 என்று இருந்தால் 25 பிரதிகளில் அது ஏழாவது. வலதுபக்கம் கலைஞரின் பெயர். கட்டையிலேயே செதுக்கிய பெயர் எல்லாப் பிரதியிலும் விழும், அதைக் கையெழுத்தாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு கடையில் மரச்செதுக்கை ஸ்கேன் செய்த டிஜிட்டல் பிரதியைக் காட்டி, "இதுவும் சைன் போட்டதுதான் அண்ணாச்சி" என்றார்கள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். பென்சில் என்றால் மினுங்கும், இது மினுங்கவில்லை. எண்ணும் பெயரும் படத்தோடு சேர்ந்தே அச்சாகியிருந்தன.

மரச்செதுக்கில் குறையும் உண்டு. விலை கூடுதல். நான் பார்த்தது சிறிய தாள், பத்தடி தள்ளி நின்றால் கன்னத்து ரேகையெல்லாம் தெரியாது. வாசகசாலை வைத்திருக்கும் நண்பருக்கு லினோவே வாங்கச் சொன்னேன். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் மரச்செதுக்குக்கு ஆகாது. கண்ணாடி தாளில் ஒட்டாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வேண்டும், பின்னால் பசை தடவக்கூடாது. பசை இருந்தால் பூச்சி தேடி வரும்.

இதையெல்லாம் பிரேம் போடும் கடையில் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: "கீழ ஏதோ பென்சில் கிறுக்கல் இருக்கு, ரப்பர் வச்சு அழிச்சிரட்டுமா அண்ணாச்சி?"