ஸோல்பிடெம் 5 மில்லிகிராம்: எம்.எஸ். உள்ள ஒருவரின் மதிப்புரை

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் எம்.எஸ். நோயுடன் ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன். நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்த ஸோல்பிடெம் 5 மில்லிகிராம் தூக்க மாத்திரையை ஆறு வாரங்கள் தொடர்ந்து உட்கொண்டேன். பிறகு நிறுத்திவிட்டு, ஓராண்டு கழித்து ஐந்து இரவுகளுக்கு மட்டும் மறுபடி எடுத்துக்கொண்டேன். இம்மாத்திரையைப் பற்றிய மதிப்புரைகளில் "நன்றாகத் தூங்கினேன்", "காலையில் தலை கனத்தது" என்பவற்றுக்கு மேல் எனக்குப் பெரிதாக ஏதும் கிடைக்கவில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு அது போதாது. மாத்திரை தூங்கவைக்குமா என்பதைவிட, அதை விழுங்கிய பின் நடு இரவில் எழுந்து நிற்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதே எங்களுக்கு முக்கியம்.

தூங்கவைக்கிறதா என்று கேட்டால், வைக்கிறது. மூளையின் விழிப்பைத் தணிக்கும் காபா என்னும் வேதிப்பொருளின் செயலை ஸோல்பிடெம் வலுப்படுத்துகிறது. வெறும் வயிற்றில் எடுத்த நாட்களில் அரை மணி நேரத்துக்குள் கண் சொருகியது. இரவு உணவு முடிந்த கையோடு விழுங்கிய நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது. உணவு இதை உடல் உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கும் என்று மருந்துக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. உடலில் சேர்ந்த மருந்து பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே ஆகும் என்பதால், தூக்கத்தைத் தொடங்கிவைப்பதில்தான் இதன் திறமை இருக்கிறது. விடியும்வரை தூக்கத்தைக் காத்துத் தரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறக்கூடும். படுத்ததும் மனம் அடங்காமல் புரண்டுகொண்டிருந்த எனக்கு முதல் பத்து நாட்கள் பெரிய ஆறுதலாக இருந்தன. அதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டாவது வாரத்தின் இறுதியில் ஓர் இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் முட்டி விழிப்பு வந்தது. எம்.எஸ். உள்ள பலரைப் போலவே என் சிறுநீர்ப்பையும் நிறையும் முன்பே சுருங்கும். எழுந்தாக வேண்டும், காத்திருக்க முடியாது. கட்டிலிலிருந்து இறங்கி இரண்டடி வைத்தேன். வலது பாதத்தின் முன்பகுதி எப்போதும் போலச் சரியாக உயராமல் குளியலறையின் வாசற்படியில் தட்டியது. வழக்கமாக அந்த நொடியில் கை தானாகக் கதவின் நிலையைப் பற்றும். அன்று கை நகர்ந்தது, ஆனால் நிலை இருந்த இடத்துக்குப் போகவில்லை. முழங்கால் மடங்கி, தரையில் உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். எலும்பு முறியவில்லை என்றாலும், அங்கிருந்து எழுந்து கட்டிலுக்குத் திரும்ப எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அந்த விழுகையைப் பற்றிப் பிறகு மருத்துவரிடம் பேசியபோதுதான் ஒரு கணக்கு புரிந்தது. தண்டுவடத்தில் நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை சிதைந்திருப்பதால், என் பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குச் சரியாக எட்டுவதில்லை. பகலில் கண்ணால் பார்த்து அதை ஈடுகட்டிக்கொள்கிறேன், இருட்டில் அந்த உதவி இல்லை. தசை இறுக்கத்துக்காக இரவில் நான் எடுக்கும் பேக்லோஃபென் கால்களைத் தளர்த்துகிறது. பிடிப்பு குறைவது நல்லதுதான், ஆனால் பலமிழந்த காலை நேராக நிறுத்தி வைத்திருந்ததே அந்த இறுக்கம்தான். இந்த இரண்டையும் தாண்டி என்னைக் காத்துவந்தது விழிப்புணர்வு ஒன்றே. ஸோல்பிடெம் அணைத்தது அதைத்தான். மாத்திரை தனியாகவோ நோய் தனியாகவோ என்னைத் தள்ளவில்லை. எம்.எஸ். இல்லாத ஒருவர் இதே அளவை விழுங்கி, இதே நேரத்தில் எழுந்து, சுவரைப் பிடித்தபடி போய்வந்துவிடக்கூடும்; அவருடைய அனுபவத்தை வைத்து நாம் முடிவெடுக்கக் கூடாது.

காலைப் பொழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்களின் உடலில் ஸோல்பிடெம் மெதுவாகவே வெளியேறுகிறது, மறுநாள் காலையிலும் வாகனம் ஓட்டும் திறனைக் குறைக்கும் அளவுக்கு இரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. நான் எடுத்தது அந்தக் குறைந்த அளவுதான். ஆயினும் சில நாட்கள் காலை பத்து மணிவரை நடை தள்ளாடியது, சொற்கள் குழறின. எம்.எஸ். உள்ளவருக்கு இது வெறும் தூக்கக் கலக்கமாகத் தெரியாது. நோய் மறுபடி தாக்குகிறதோ என்ற அச்சம் உடனே பற்றிக்கொள்ளும். புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீடித்தால்தான் அது நோயின் புதிய தாக்குதலாகக் கருதப்படும் என்று மருத்துவர் விளக்கினார். அதன் பிறகு மாத்திரை எடுத்த நேரம், தள்ளாட்டம் தொடங்கிய நேரம், தெளிந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். ஒவ்வொரு முறையும் நண்பகலுக்குள் தெளிந்துவிட்டது என்பதை அந்தக் குறிப்புகளில் பார்த்த பிறகே மனம் அமைதியடைந்தது.

ஆறாவது வாரத்தில் நிறுத்தியபோது, முதல் மூன்று இரவுகள் தூக்கம் முன்பைவிட மோசமாக இருந்தது. நிறுத்தியதும் தூக்கமின்மை ஓங்கி எழுவது இவ்வகை மருந்துகளில் அறியப்பட்டதுதான். அதைக் கண்டு "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்ற முடிவுக்குப் போய்விடாமல் இருந்ததற்கு, மருத்துவர் முன்கூட்டியே எச்சரித்திருந்ததே காரணம். நான்காம் இரவு சற்றே சீரானது.

அதற்குப் பின் செய்ததைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஏன் தூங்கவில்லை என்று தேடினோம். மாலையில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வது போலவும், காலை ஆட்டினால் மட்டுமே அடங்குவது போலவும் இருந்த குடைச்சலை நான் இத்தனை ஆண்டுகளும் எம்.எஸ்.-இன் பொதுவான தொல்லை என்றே நினைத்திருந்தேன். அது அமைதியற்ற கால்கள் நோய்க்குறி. எம்.எஸ். உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகவே காணப்படும் இது, உடலில் இரும்புச்சத்துக் கையிருப்பு குறைந்தால் மோசமாகும். கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையில் எனக்கு மில்லிலிட்டருக்கு 19 நானோகிராமே இருந்தது. இக்குடைச்சல் உள்ளவர்களுக்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து தருவதைப் பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள். இரும்பு மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதத்தில், படுத்த பிறகு காலை ஆட்டிக்கொண்டிருக்கும் நேரம் பாதியாயிற்று. எந்தத் தூக்க மாத்திரையும் இதைச் செய்திருக்காது.

ஸோல்பிடெமுக்கு முன்பு, மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் மாத்திரையை நானாகவே சில வாரங்கள் எடுத்திருந்தேன். அதை எம்.எஸ். உள்ள எவருக்கும் சொல்ல மாட்டேன். ஒவ்வாமைக்கான அந்த மருந்து குடைச்சலை அதிகமாக்கும், மலச்சிக்கலைக் கூட்டும், சிறுநீரை முழுமையாக வெளியேற்ற முடியாதவருக்கு இன்னும் தேக்கும். சிறுநீர்ப்பைக்காக ஆக்ஸிபியூட்டினின் எடுப்பவருக்கு இரண்டின் விளைவும் ஒன்றாகச் சேர்ந்து நினைவையும் மங்கச் செய்யக்கூடும். தூக்க ஹார்மோனான மெலடோனின் மாத்திரை எனக்குத் தீங்கும் செய்யவில்லை, குறிப்பிடத்தக்க நன்மையும் செய்யவில்லை.

பேச்சு சற்று விலகினாலும் மருந்துச் சேர்க்கை பற்றி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தசை இறுக்கத்துக்கு டைஸானிடின் எடுப்பவர்கள், சிறுநீர்த் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் எழுதித் தரப்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. டைஸானிடினின் அளவு இரத்தத்தில் பல மடங்கு ஏறி, இரத்த அழுத்தம் விழுந்து, கடும் மயக்கம் வரும். இரண்டு மருந்துகளும் எங்கள் வாழ்வில் அடிக்கடி வருபவை. இரண்டையும் வெவ்வேறு மருத்துவர்கள் எழுதித் தருவதும் வழக்கமே.

அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சையையே பரிந்துரைக்கிறது. அதையும் முயன்றேன், பயன் கண்டேன். ஆனால் "இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள்" என்ற விதி, ஒவ்வொரு முறை எழுவதற்கும் உடல் விலை கொடுக்க வேண்டியவர்களை நினைத்து எழுதப்பட்டதல்ல. கட்டிலின் தலைப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, மங்கிய விளக்கில் ஏதாவது படித்துவிட்டு மறுபடி படுப்பது என்று சிகிச்சையாளருடன் பேசி மாற்றிக்கொண்டேன்.

ஐந்து இரவுகள் மட்டும் மறுபடி எடுத்தேன் என்றேன் அல்லவா? நோய் மீண்டும் தாக்கியபோது மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். காலையிலேயே ஏற்றினாலும், அந்த ஸ்டீராய்டு இரவெல்லாம் கண்ணை மூடவிடாது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். காரணம் தெளிவாகத் தெரிந்த, முடியும் நாளும் தெரிந்த தூக்கமின்மை அது. அந்த இரவுகளில் ஸோல்பிடெம் எனக்கு மெய்யாகவே உதவியது. கட்டிலருகே கழிப்பு நாற்காலி இருந்தது, தரையோரம் சிறு விளக்கு எரிந்தது, வீட்டில் ஒருவர் அதே அறையில் படுத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன், பகலில் குறைக்கவில்லை.

ஆகவே என் மதிப்பீடு இரண்டாகப் பிரிகிறது. ஸ்டீராய்டு இரவுகள் போன்ற குறுகிய காலத்துக்கு, எழ வேண்டிய தேவைக்கு ஏற்பாடு செய்துகொண்டு எடுப்பதானால், ஐந்துக்கு நான்கு தருவேன். இரவில் இரண்டு மூன்று முறை தனியாக எழுந்து நடக்க வேண்டியவர் மாதக்கணக்கில் எடுப்பதற்கு ஒன்றுதான் தர முடியும். உரக்கக் குறட்டை விடுபவர்களும், தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுபவர்களும், அதற்கான பரிசோதனையை முடிக்கும் முன் இதைத் தொடவே வேண்டாம். முழு விழிப்பின்றி எழுந்து நடப்பது, சமைப்பது, வாகனம் ஓட்டுவது போன்ற நிகழ்வுகளுக்காக 2019-இல் இம்மருந்துக்கு அமெரிக்காவில் மிகக் கடுமையான வகை எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அப்படி ஒருமுறை நடந்தாலும் மறுபடி எடுக்கக் கூடாது. என் அட்டையில் ஒன்பது மாத்திரைகள் மீதம் இருக்கின்றன. படுக்கையறையில் வைக்காமல், மருந்துப் பட்டியலோடு சேர்த்து வேறு அறையின் அலமாரியில் வைத்திருக்கிறேன்.