லூப், இம்ப்ளாண்ட், மிரேனா: எதற்கு மெடிக்கல் எய்டு, எதற்கு அரசு கிளினிக்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கும் என் சித்தி மகள் போன மாதம் கேட்டாள்: "அக்கா, கருத்தடை மாத்திரை அடிக்கடி மறந்து போகுது. வருஷக்கணக்கா நிக்கிற மாதிரி ஏதாவது போட்டுக்கலாம்னு பார்க்கிறேன். மெடிக்கல் எய்டு இருக்கே, அவங்களே கொடுத்துருவாங்கதானே?"

சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கும் இதே நினைப்புதான். தனியார் மருத்துவக் காப்பீடான மெடிக்கல் எய்டுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அப்புறம் கொடுக்க மாட்டார்களா என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது, மிரேனா என்ற ஹார்மோன் லூப் வைத்த பிறகு டாக்டர் பில் வரும் வரை.

முதலில் இம்ப்ளாண்ட். மேல்கையின் உள்பக்கம் தோலுக்கடியில் வைக்கும் ஒரே ஒரு குச்சி, 3 வருடம் நிற்கும். இம்ப்ளானான் என்எக்ஸ்டி என்ற இந்தக் குச்சி 2014 முதல் தென்னாப்பிரிக்க அரசு கிளினிக்குகளில் இலவசம். தனியார் டாக்டரிடம் போனாலும் அதே குச்சிதான், மருந்திலும் அளவிலும் எந்த வித்தியாசமும் இல்லை. ஆகவே இம்ப்ளாண்டுக்காக மெடிக்கல் எய்டு பணத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கிளினிக்கில் ஆகும் செலவு வேறு மாதிரியானது: விடியற்காலையில் வரிசை, டாக்ஸிக்குக் காசு, அரை நாள் லீவு. லீவு போட்டால் சம்பளம் வெட்டும் வேலையில் இருப்பவர்கள் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இம்ப்ளாண்டில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, மாதவிடாய் ஒழுங்கு தவறி, சிலருக்கு வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போகும். அதனாலேயே ஒரு வருடத்துக்குள் எடுத்துவிட்டவர்கள் நிறைய. வைக்கும் அன்றே "எடுக்க வேண்டும் என்றால் இதே கிளினிக்கில் எடுக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். வைக்கப் பயிற்சி பெற்றவர் இருக்கும் எல்லா இடத்திலும் எடுக்கப் பழகியவர் இருப்பதில்லை. இலவசமாக வைத்துவிட்டு, எடுக்கத் தனியார் டாக்டரிடம் போனால் அங்கே செலவு முளைத்துவிடும். இரண்டு, டிபிக்கு ரிஃபாம்பிசின், எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ், வலிப்புக்கு கார்பமஸெபின் அல்லது ஃபெனிட்டாயின் எடுப்பவர்களுக்கு இந்தக் குச்சியின் பலன் குறையும். கூச்சப்படாமல் எல்லா மாத்திரையையும் நர்ஸிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்தது செம்பு லூப், கருப்பைக்குள் வைக்கும் சின்னச் சாதனம். நம் அம்மா காலத்திலிருந்து இருப்பது, அதனால் பழைய பயங்களும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. இதுவும் அரசு கிளினிக்கில் இலவசம். ஹார்மோன் கிடையாது, 10 வருடம் வரை நிற்கும், மேலே சொன்ன மாத்திரைகளால் பாதிப்பு இல்லை. பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு 5 நாளுக்குள் வைத்தால் அந்தக் கர்ப்பத்தையும் தடுக்கும், இது பலருக்குத் தெரியவே தெரியாது. வெறும் பணக்கணக்கில் பார்த்தால் இதை அடிக்க வேறொன்று இல்லை. ஆனால் மாதவிடாய் கூடலாம், வலியும் கூடலாம். ஏற்கெனவே அதிகம் போகிறவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் யோசித்து முடிவெடுங்கள்.

மெடிக்கல் எய்டு உண்மையிலேயே வேலைக்கு வருவது மிரேனாவில்தான், குழப்பமும் அங்கேதான் அதிகம். இதுவும் லூப் மாதிரி கருப்பையில் வைப்பதுதான், ஆனால் ஹார்மோன் உள்ளது, ரத்தப்போக்கை நன்றாகக் குறைக்கும். நீண்ட காலமாக 5 வருடக் கணக்கு, அமெரிக்காவில் 2022-ல் 8 வருடம் வரை அனுமதித்தார்கள். தனியாரில் சாதனமே சில ஆயிரம் ராண்ட் ஆகும், அதற்கு மேல் டாக்டரைப் பார்க்கும் கட்டணம், வைக்கும் கட்டணம், சில இடங்களில் ஸ்கேன்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது மெடிக்கல் எய்டில் நீங்கள் எடுத்திருக்கும் ஆப்ஷனை, அதாவது திட்டத்தை, பொறுத்தது. சில ஆப்ஷன்களில் கருத்தடைக்கென்றே வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. சிலவற்றில் சேவிங்ஸ் கணக்கிலிருந்து போகும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் மட்டும் கைகொடுக்கும் ஹாஸ்பிட்டல் பிளான் மட்டும் வைத்திருந்தால், டாக்டர் அறையில் வைக்கும் லூப்புக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. சேவிங்ஸ் என்பது உங்கள் சொந்தப் பணம். நீங்கள் கட்டும் சந்தாவில் அதிகபட்சம் 25 சதவீதத்தைத்தான் அப்படி ஒதுக்கலாம் என்பது சட்டம். ஜனவரியில் அதிலிருந்து மிரேனா வாங்கிவிட்டால், ஜூனில் பிள்ளைக்குப் பல்வலி என்றால் கையிலிருந்துதான் போகும். "மெடிக்கல் எய்டு கொடுத்துட்டாங்க" என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கிலிருந்து என்று கேளுங்கள்.

எனக்கு நடந்தது இதுதான். சாதனத்துக்குப் பணம் வந்துவிட்டது. ஆனால் வைத்த டாக்டரின் கட்டணம் ஸ்கீம் (மெடிக்கல் எய்டு நிறுவனம்) கொடுக்கும் விகிதத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், மீதியெல்லாம் என் தலையில். மருந்துக்கு இந்த நாட்டில் 2004 முதல் ஒரே விற்பனை விலை என்ற சட்டம் உண்டு, அதனால் மிரேனா விலை ஃபார்மசிக்கு ஃபார்மசி பெரிதாக மாறாது. மாறுவது டாக்டர் கட்டணம்தான். ஆகவே வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, அதிலுள்ள கட்டணக் குறியீடுகளையும், எதற்காக வைக்கிறார்கள் என்று காட்டும் ஐசிடி-10 குறியீட்டையும் ஸ்கீமுக்கு ஃபோன் செய்து படித்துக் காட்டுங்கள். கருத்தடைக்கு வைப்பது ஒரு குறியீடு (இசட்30.1), அதிக ரத்தப்போக்குக்கு வைத்தியமாக வைப்பது வேறு குறியீடு. எந்தக் கணக்கிலிருந்து பணம் போகும் என்பது இதனால் மாறக்கூடும். ரத்தப்போக்குப் பிரச்சினை உண்மையிலேயே உங்களுக்கு இருந்தால் டாக்டரிடம் முழுவதும் சொல்லிப் பதியச் செய்யுங்கள். பில்லை நீங்களே கட்டியிருந்தால், சிகிச்சை நடந்த மாதத்துக்குப் பிறகு 4-ஆவது மாதக் கடைசிக்குள் ஸ்கீமுக்கு அனுப்ப வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 3 மாதக் காத்திருப்பும் இருக்கலாம்.

கையிலிருந்து கொடுத்தாலும் மிரேனா தகுமா? சும்மா ஒரு கணக்குக்கு, எல்லாம் சேர்த்து 4500 ராண்ட் என்று வையுங்கள். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 75. மாதாமாதம் பேட் மேல் பேட் நனைத்து, வேலைக்குப் போக முடியாமல் படுத்துக் கிடக்கும் பெண்ணுக்கு அது தகும். மாதவிடாயில் தொந்தரவே இல்லாதவருக்கு இலவச லூப் இருக்கும்போது ஏன் அந்தச் செலவு என்றுதான் எனக்குத் தோன்றும்.

கருத்தடை ஊசியைப் பற்றியும் கேட்பீர்கள். டெபோ 3 மாதத்துக்கு ஒரு முறை, நூர்-இஸ்டரேட் 2 மாதத்துக்கு ஒரு முறை, கிளினிக்கில் இலவசம். தேதி தவறினால் பாதுகாப்பும் தவறும், அதனால் என் சித்தி மகளுக்கு இது சரிவராது.

கடைசியாக, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. மெடிக்கல் எய்டில் கணவரோ அப்பாவோ மெயின் மெம்பர் என்றால், கிளெய்ம் அறிக்கை அவர் கைக்குத்தான் போகும். மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு, படிக்கும் பெண்களுக்கு, இது சின்ன விஷயம் இல்லை. அரசு கிளினிக்கில் அப்படி எந்தத் தாளும் வீட்டுக்கு வராது. 12 வயது நிரம்பிய யாருக்கும் பெற்றோர் சம்மதம் இல்லாமலே கருத்தடை உதவி பெறச் சட்டம் இடம் கொடுக்கிறது.

சித்தி மகள் ஸ்கீமுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். அவளுடையது ஹாஸ்பிட்டல் பிளான். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை 6 மணிக்குக் கிளினிக் வரிசையில் நிற்கப் போகிறாள், செம்பு லூப்புக்கு. நானும் கூடப் போகிறேன்.