லேடெக் ஆவணத்துக்குப் படம்: டிக்ஸா, இங்க்ஸ்கேப்பா?

லேடெக் (LaTeX) என்பது கட்டளைகளைக் கொண்டு ஆவணம் கோக்கும் மென்பொருள். அச்சுகள், கட்டங்கள் என்று அளவுகளால் ஆன படமென்றால், அதற்குள்ளேயே கட்டளைகளால் படம் வரையும் டிக்ஸையே (TikZ) எடுங்கள். எழுத்துரு ஆவணத்தோடு தானாகப் பொருந்தும். கோடு இயல்பாக 0.4 பாயின்ட். ஸ்கேல் 0.5 கொடுத்தால் ஆயத்தொலைவுகள் மட்டும் பாதியாகும், எழுத்தும் கோட்டுத் தடிமனும் அப்படியே நிற்கும். படங்கள் பெருகினால் கம்பைல், அதாவது ஆவணத்தைப் பிடிஎஃப்பாக்கும் ஓட்டம், நேரம் இழுக்கும். படங்களைத் தனிக் கோப்புகளாகச் சேமிக்கும் டிக்ஸின் எக்ஸ்டர்னல் லைப்ரரியைச் சேர்த்து, வெளி நிரல்களை இயக்க லேடெக்கை அனுமதிக்கும் ஷெல் எஸ்கேப்போடு ஓட்டினால் மாறாத படங்கள் மறுபடி வரையப்படாது.

கையால் இழுத்து வளைக்கும் உருவங்களுக்குத் திரையில் நேரடியாக வரையும் மென்பொருளான இங்க்ஸ்கேப்தான் (Inkscape) வசதி. ஆனால் 10 பாயின்ட் எழுத்துள்ள படத்தைப் பாதி அகலத்தில் செருகினால் எழுத்து 5 பாயின்டாகி, படிக்கவே முடியாது. பிடிஎஃப் சேமிக்கும்போது எழுத்தை நீக்கி லேடெக் கோப்பு உருவாக்கும் தெரிவை இடுங்கள். எழுத்தை லேடெக்கே கோக்கும். அப்போதும் படத்தைச் சுருக்கினால் எழுத்து மட்டும் சுருங்காமல் கோட்டின்மேல் ஏறும். ஆகவே இறுதி அகலத்திலேயே வரையுங்கள். மங்கல் ஃபில்டர் வேண்டாம்: பிடிஎஃப்பில் அது பிக்சலாகிவிடும்.