தடுப்புச் சுவரா, தூர்வாரலா, மேலேயே நிறுத்துவதா: சேர்வராயன் அடிவார ஊர்களுக்கு எது முதலில்?

மலையடிவாரத்து ஊராட்சிக்கு வெள்ளத் தடுப்புக்கென்று கொஞ்சம் பணம் வந்தால் அதை எதில் போடுவது என்ற பேச்சு ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் கிளம்புகிறது. ஓடைக்கரையில் கான்கிரீட் சுவர் கட்டினால்தான் தீரும் என்கிறார்கள் சிலர். ஏரியையும் வாய்க்காலையும் தூர்வாரினாலே போதும் என்கிறார்கள் வேறு சிலர். மேலே சரிவிலேயே தண்ணீரை மட்டுப்படுத்தாமல் கீழே என்ன செய்தாலும் வீண் என்பவர்களும் உண்டு. மூன்றிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை தப்பிப்போவதால்தான், இத்தனை செலவழித்த பிறகும் அதே தெருவில் அதே முழங்கால் தண்ணீர் நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்துவிடுவோம். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது, சேர்வராயன் மலைமேல் இருக்கிற ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர். இவ்வளவு உயர வித்தியாசமும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால், மேலே கொட்டுகிற மழை அடிவாரத்துக்கு வந்து சேர நாள் கணக்கு வேண்டாம், சில மணி நேரம் போதும். மலையின் ஒரு பக்கம் சரபங்கா நதியாக ஓமலூர், எடப்பாடி என்று போகிறது, இன்னொரு பக்கம் திருமணிமுத்தாறாகச் சேலத்துக்குள்ளேயே வருகிறது, வடக்கே வாணியாறாகப் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் இறங்குகிறது. இந்தப் பெரிய பெயர்களுக்கு நடுவில் பெயரே இல்லாத எத்தனையோ பள்ளங்கள் இருக்கின்றன. சின்ன ஊர்களில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது பெரும்பாலும் அந்தப் பள்ளங்களிலிருந்துதான்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. வலுவிழந்து உள்ளே வந்த பிறகுதான் அது நம் பக்கம் வாரி இறைத்தது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., ஏற்காட்டில் 20 செ.மீ.க்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. வானிலைத் துறை கணக்கில் 24 மணி நேரத்தில் 20.4 செ.மீ.க்கு மேல் போனால் அதற்குப் பெயர் அதி கனமழை. ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை என்றால் 40,000 லிட்டர். வெறும் 100 ஏக்கர் சரிவில் 20 செ.மீ. விழுந்தால் 8 கோடி லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட லோடு. மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் இதில் பெரும்பகுதி அப்படியே கீழே வரும். எந்த யோசனையையும் இந்த எண்ணோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சரி, தடுப்புச் சுவர். எல்லோருக்கும் பிடித்தது இதுதான், ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு வைக்கலாம், முடிந்த வேலை என்று காட்டலாம். ஓடை வளைந்து திரும்புகிற இடத்தில் வெளிப்பக்கக் கரையில் வீடுகள் இருந்தால் அங்கே தண்ணீர் நேராக மோதும், கரையை அடியில் அரிக்கும். அந்த இடத்துக்குச் சுவர் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் நேராகப் போகிற ஓடைக்கு ஒரு பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் தண்ணீர் எதிர்க்கரைக்குப் போகிறது, அங்கே இருப்பவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஓட்டு வீடோ தகர வீடோ வைத்திருக்கிற ஏழைதான். இரண்டு பக்கமும் எழுப்பி ஓடையைக் குறுக்கினால் வேகம் கூடி அடுத்த ஊரில் போய் வெடிக்கிறது. இன்னொன்று, தெருவில் விழுகிற மழை ஓடைக்குள் போக வழி விடாமல் சுவரை மூடிக் கட்டிவிட்டால், ஓடை வடிந்த பிறகும் ஊருக்குள் தண்ணீர் தேங்கும். அஸ்திவாரம் ஆழமாகப் போகாவிட்டால் ரெண்டு மூன்று வெள்ளத்தில் அடிமண் அரித்து சுவரே சாயும். மீட்டருக்கு மீட்டர் பார்த்தால் இருப்பதிலேயே செலவு அதிகமானதும் இதுதான். நூறு நாள் வேலையில் கூலிக்கும் பொருளுக்கும் 60:40 என்ற கணக்கு இருந்ததால், சிமென்டும் கம்பியும் தின்கிற இந்த வேலை அதற்குள் சரியாகப் பொருந்தியதும் இல்லை.

அடுத்தது, மேலேயே நிறுத்துவது: சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாக வெட்டுகிற சமமட்டக் குழிகள், பள்ளத்தில் கல்லை அடுக்கிச் சின்னச் சின்னத் தடுப்புகள், கம்பிவலைக்குள் கல்லை நிரப்பிக் கட்டுவது, ஓரங்களில் வெட்டிவேர். மனசுக்குப் பிடித்த யோசனை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் எல்லை தெரியும். பத்தடி நீளம், ரெண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினால் அதில் சுமார் 850 லிட்டர் நிற்கும். ஏக்கருக்கு நாற்பது குழி வெட்டினாலும் 34,000 லிட்டர்தான், அது 1 செ.மீ. மழைக்குக்கூடக் காணாது. 20 செ.மீ. மழையை இது தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதன் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மண் அரித்து வருவதைக் குறைக்கிறது, சாதாரண மழையில் தண்ணீரை நிதானப்படுத்துகிறது, கீழே ஏரியும் வாய்க்காலும் சீக்கிரம் மேடாகாமல் பார்த்துக்கொள்கிறது. பள்ளத்தில் கல் தடுப்பு போட்டால் உருண்டு வருகிற கல்லும் கட்டையும் அங்கேயே நிற்கும், கீழே பாலம் அடைக்காது. கம்பிவலைக் கட்டில் எனக்குப் பிடித்தது, அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே போய்விடும், பின்னால் அழுத்தம் சேராது.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மிகச் செங்குத்தான, மண் மெலிதாகப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற சரிவில் குழி வெட்டித் தண்ணீரை நிறுத்தினால், அது மண்ணுக்கும் பாறைக்கும் இடையில் இறங்கி சரிவையே கிளப்பிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்தக் கூடாது, பக்கவாட்டில் வடித்து அனுப்ப வேண்டும். அப்புறம், அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே பெரும்பகுதி காப்புக்காடு, மேலே போனால் தனியார் காபித் தோட்டங்கள். வனத்துறையும் தோட்டக்காரர்களும் ஒத்துழைக்காமல் ஊராட்சி மண்வெட்டியைத் தூக்க முடியாது. ஆகவே இது பல வருடம் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை, அடுத்த மழைக்கு முன் முடிகிற வேலை அல்ல.

மூன்றாவதுதான் என் தேர்வு: வாய்க்கால், ஏரி, கோடி (ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியே போகிற இடம்), பாலம். ஆனால் தூர்வாருவது என்றதும் ஜேசிபி வைத்து ஏரி நடுவில் மண் அள்ளுவதையே நினைத்துக்கொள்கிறோம். வெள்ளத்தைப் பொறுத்தவரை ஏரியின் ஆழத்தைவிட முக்கியம் அதற்குள் தண்ணீர் வருகிற வழியும் வெளியே போகிற வழியும். ஏரி ஏற்கெனவே நிறைந்திருக்கும்போது பெருமழை வந்தால், நீங்கள் கூடுதலாகத் தோண்டிய குழியில் ஏற்கெனவே தண்ணீர்தான் இருக்கும், அது ஒரு சொட்டைக்கூட வாங்காது. கோடி அகலமாக, அடைப்பில்லாமல் இருந்தால் மட்டும்தான் கரை பிழைக்கும். கரை உடைந்தால் வருகிற வெள்ளம் மழை வெள்ளத்தைப் போல அல்ல, ஒரே மூச்சில் மொத்தமும் வரும்.

கோடியைப் போய்ப் பாருங்கள். பல ஏரிகளில் மீன் குத்தகை எடுத்தவர், மீன் வெளியே போகாமல் இருக்க, கோடியின் குறுக்கே குச்சி நட்டு வலை கட்டியிருப்பார். வெயில் காலத்தில் அது ஒன்றும் செய்யாது. மழை பிடித்ததும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் கவரும் வலையில் வந்து அப்பி, ஒரு மணி நேரத்தில் வலை சுவராகிவிடும், தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போய்க் கரையின் பலவீனமான இடத்தைத் தேடும். சில இடங்களில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டும் என்று கோடி மேல் மணல் மூட்டை அடுக்கியதை எடுக்காமலே விட்டிருப்பார்கள். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு ரெண்டு ஆள் கூலி. சுவர் கேட்டு மனு எழுதுவதற்கு முன் இதைச் செய்ய நமக்கு என்ன தடை?

பாலமும் அப்படித்தான். மண் சாலைக்கு அடியில் ரெண்டடி குழாய் ரெண்டு போட்டு விட்டால் போதும் என்று செய்துவிடுகிறார்கள். ரெண்டடி விட்டமுள்ள குழாய் இரண்டின் வாய்ப்பரப்பு, மூன்றடிக் குழாய் ஒன்றின் பரப்பைவிடக் குறைவு. அதுமட்டுமில்லை, சின்னக் குழாயில் ஒரு தென்னை மட்டையோ சில்வர் ஓக் கிளையோ குறுக்கே மாட்டினால் போதும், பின்னாலேயே வாழைமரமும் சருகும் சேர்ந்து குழாய் மூடிக்கொள்ளும், அப்புறம் சாலையே அணையாகி மேல்பக்கத்து வீடுகள் மூழ்கும். குழாய்க்குப் பதில் அகலமான பெட்டிப் பாலம் போடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால், சாலையை அந்த இடத்தில் தாழ்த்தி, வெள்ளம் மேலே ஏறிப்போகிற தரைப்பாலமாகக் கான்கிரீட் போட்டுவிடுங்கள். சில மணி நேரம் போக்குவரத்து நிற்கும், வீடுகள் தப்பிக்கும். தரைப்பாலம் என்றால் இரண்டு பக்கமும் ஆழம் காட்டுகிற கல் நட்டு, தண்ணீர் ஓடும்போது யாரும் இறங்காதபடி ஆள் நிறுத்த வேண்டும். பைக்கோடு இறங்கி அடித்துச் செல்லப்படுகிறவர்களில் ஊர்க்காரர்களும் உண்டு, வழி தெரியும் என்ற தைரியத்தில் இறங்குகிறார்கள்.

இந்த வழியின் கஷ்டம் ஆக்கிரமிப்பு. புலப்படத்தில், அதாவது அரசின் நில அளவை வரைபடத்தில், வாய்க்கால் அகலமாக இருக்கும், நேரில் போனால் ஒரு ஆள் தாண்டுகிற சாக்கடையாக இருக்கும். சொந்தக்காரன், பங்காளி என்று யாரும் வாய் திறப்பதில்லை. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிட்டால் சண்டை பாதி குறையும், ஏனென்றால் அப்போது கேட்பது நீங்கள் இல்லை, ஆவணம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துடையது. இதைத் தெரியாமல் தப்பான ஆபீசுக்கு மனு கொடுத்து ஒரு வருடத்தை இழந்த ஊர்கள் உண்டு. ஊர்க்காரர்கள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்குக் கன்னங்குறிச்சி மூக்கனேரி நம் கண் முன்னாலேயே இருக்கிறது. சேர்வராயன் மலைத் தண்ணீர் வந்து சேர்கிற அந்த ஏரியை 2010 முதல் பொதுமக்களே முன்னின்று தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். பறவைகள் வந்து தங்குவதைப் பார்க்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மேலே மலைக்கிராமங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே ஏரி நிறைவதைவிட வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண் சரிவதுதான் ஆபத்து. அங்கே முதல் வேலை, வெட்டிய சரிவுக்கு மேலே ஒரு வடிகால் எடுத்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் பாறைப் பள்ளத்துக்குக் கொண்டுபோவது. அடுத்துதான் சுவர், அதுவும் பின்னால் ஜல்லி நிரப்பி, வடிகுழாய்கள் விட்ட சுவர். பூச்சு வேலை செய்யும்போது அசிங்கமாக இருக்கிறதென்று அந்தக் குழாய் வாயைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். அடைத்த சுவருக்குப் பின்னால் ஊறிய மண்ணின் முழு எடையும் தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து நிற்கும், ஒரு ராத்திரியில் வயிறு தள்ளி விழும். தரையில் புது விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வருகிற ஊற்று, இறுகிக்கொண்ட கதவு, இதில் எதைப் பார்த்தாலும் அன்று இரவு அந்த வீட்டில் படுக்கக் கூடாது.

நான்காவதாக ஒன்று, மேலே சொன்ன எதற்கும் போட்டி இல்லை, ஆனால் எல்லாவற்றையும்விட மலிவு: முன்கூட்டியே தகவல். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவை மலைமேல் இருக்கிற ஊரில் திறந்தவெளியில் வைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, மணிக்கு இவ்வளவு என்று கீழே இருப்பவர்களுக்குப் போனில் சொன்னாலே கையில் கொஞ்ச நேரம் கிடைக்கும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. கோயில் மைக்கில் யார் அறிவிப்பது, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்களை யார் தூக்குவது, ஆடு மாட்டை எங்கே கட்டுவது என்று முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்போம் என்பார்கள், அந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆகவே அடிவார ஊர் என்றால் கோடி, வாய்க்கால், பாலம் முதலில். வளைவில் மோதுகிற இடத்துக்கு மட்டும் சுவர் அடுத்து. சரிவு வேலை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக. இதற்குத் தீர்மானம் போட அக்டோபர் 2 கிராமசபைக்குக் காத்திருந்தால் அந்த மாதமே வடகிழக்குப் பருவமழை வந்துவிடும், அதுவும் நம் பக்கம் அதற்கு முந்தைய தென்மேற்குப் பருவமழையிலேயே நன்றாகப் பெய்கிற ஊர். மார்ச் 22, மே 1 கிராமசபைகளில் எழுத வைத்தால்தான் ஏரி காய்ந்திருக்கும்போது வேலை நடக்கும். தீர்மானத்தில் 'வெள்ளத் தடுப்புப் பணி' என்று பொதுவாக எழுதினால் அது சுவராகத்தான் திரும்பி வரும். வாய்க்காலின் சர்வே எண், எங்கிருந்து எங்கே வரை, எந்தக் குழாய்ப் பாலத்தை எவ்வளவு அகலத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதுங்கள். மீன் குத்தகை அடுத்த முறை ஏலம் விடும்போது, மழைக்காலத்தில் கோடியில் வலை கட்டக் கூடாது, கட்டினால் குத்தகை ரத்து என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.