செக்யூர் பூட் சிக்கலுக்கு லேப்டாப்பைக் கொடுத்து ஏமாந்தேன்

ஐந்து நிமிட வேலை. அதற்கு 'போர்டு லெவல் ரிப்பேர்', அதாவது மதர்போர்டிலேயே பழுது என்று பில் போட்டு, ஆறு வருடப் படங்களையும் அழித்துக் கொடுத்தார் ஒரு சர்வீஸ் ஆள். புதிதாக லினக்ஸ் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள்.

விண்டோஸ் 11 இருந்த டிஸ்க்கை நான் தொடவே இல்லை. காலியாக இருந்த இரண்டாவது எஸ்எஸ்டியில்தான் உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டேன். என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவரும் வேண்டும் என்று டிக் செய்ததும் இன்ஸ்டாலர் ஒரு பாஸ்வேர்டு கேட்டது. எதற்கு என்று படிக்காமல் எதையோ கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு நீலத்திரை: மேலே 'பெர்ஃபார்ம் மோக் மேனேஜ்மென்ட்', கீழே சில வரிகள், முதல் வரி 'கன்டினியூ பூட்'. சரி, மேலே போகத்தானே வேண்டும் என்று என்டரைத் தட்டிவிட்டேன். தட்டியிருக்க வேண்டியது அடுத்த வரியை, 'என்ரோல் மோக்'. மோக் என்றால் 'மெஷின் ஓனர் கீ', மெஷின் உரிமையாளரின் கீ.

உபுண்டு வந்தது, டிரைவர் ஏறவில்லை. வெளியே மாட்டிய மானிட்டர் கறுப்பாகவே கிடந்தது. டெர்மினலில் 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று ஒரு வரி. செக்யூர் பூட் என்பது நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பு. அது ஆனில் இருந்தால் டிஜிட்டல் கையெழுத்துள்ள மாட்யூல்களை (டிரைவர் போன்ற துணைத் துண்டுகளை) மட்டும்தான் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, உள்ளே விடும். உபுண்டுவின் கெர்னலுக்கு அது ஏற்கெனவே உண்டு. ஆனால் நம் மெஷினிலேயே கம்பைல் ஆகும் டிரைவருக்கு நம் மெஷினிலேயே உருவான கீயால்தான் கையெழுத்து விழும். அந்தக் கீயை நம்பலாம் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒப்புக்கொள்ளும் இடம்தான் அந்த நீலத்திரை. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்று தெரிந்திருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போயிருக்க மாட்டேன்.

அந்த சர்வீஸ் ஆள் பத்து நிமிடம் பார்த்தார். "சார், புது ஓஎஸ் போட்டதுல பயாஸ் கரப்ட் ஆயிடுச்சு. வச்சுட்டுப் போங்க" என்றார். விண்டோஸ் அப்போதும் ஒழுங்காகத்தான் பூட் ஆகிக்கொண்டிருந்தது. மெஷினை முதலில் எழுப்பும் மென்பொருளான பயாஸே போயிருந்தால் விண்டோஸ் எப்படி வரும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் அவர் செய்தது செக்யூர் பூட்டை ஆஃப் செய்தது. உடனே விண்டோஸ் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் என்க்ரிப்ஷன்) ரெக்கவரி கீ கேட்டிருக்கிறது. பூட் அமைப்பு மாறினால் அது கேட்கும். அங்கேயே செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்திருந்தால் பெரும்பாலும் கீ இல்லாமலே திறந்திருக்கும். அவரோ டிஸ்க்கைத் திறக்கும் கீயைக் காக்கும் சிப்பான டிபிஎம்மை க்ளியர் செய்துவிட்டார். அதன்பின் 48 இலக்க ரெக்கவரி கீ ஒன்றுதான் வழி. எனக்கு ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்காமல் இரண்டு டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிட்டு, "டிஸ்க் லாக் ஆயிடுச்சு சார், டேட்டா வராது" என்றார்.

என் டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருந்ததே எனக்குத் தெரியாது. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டால் உள்ளே நுழைந்தால் பல லேப்டாப்களில் அது தானாகவே நடந்துவிடும், கீயும் அதே அக்கவுண்டில் சேமிப்பாகும். மறுநாள் போனில் நுழைந்து பார்த்தேன். என் லேப்டாப் பெயருக்கு நேராக 48 இலக்கங்களும் வரிசையாக இருந்தன.

அதனால் யாரிடம் கொடுப்பதற்கு முன்னும், நீங்களே பயாஸில் கை வைப்பதற்கு முன்னும், அந்தக் கீயை எடுத்துத் தாளில் எழுதிவிடுங்கள். விண்டோஸ் ஓடுகிறதென்றால் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்துவிட்டு (தற்காலிகமாக நிறுத்திவிட்டு) போங்கள். டிபிஎம் க்ளியர், ஃபார்மட் இரண்டும் என்னைக் கேட்காமல் கூடாது என்று எழுதியே கொடுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். எந்த எரர் வந்தாலும் 'போர்டு போச்சு' என்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் பலரின் டூயல் பூட் மெஷின்களில் லினக்ஸ் 'எஸ்பாட் செல்ஃப் செக் ஃபெயில்ட்' என்று நின்றுபோனது. எஸ்பாட் என்பது பழைய பூட்லோடர்களைத் தடுக்கும் செக்யூர் பூட் சோதனை. அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பிறகு உபுண்டுவை நானே மறுபடி போட்டேன். வேண்டுமென்றே அந்த நீலத்திரையில் முதல் முறை செய்த தவறையே செய்து பார்த்தேன், அதே எரர். மோக் கீயைக் கையாளும் 'மோக்யூட்டில்' கட்டளையால் கீயைத் திரும்ப இம்போர்ட் செய்து, ஒரு பாஸ்வேர்டு வைத்து, ரீஸ்டார்ட். நீலத்திரை பத்து நொடிதான் காத்திருக்கும், அதற்குள் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும். என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட். செக்யூர் பூட் ஆனிலேயே இருந்தது, மானிட்டரும் எரிந்தது.