தொட்டறிவதா, பட்டறிவதா?

வாழ்க்கைக்குப் பொருள் தருவது இன்னொருவரின் தொடுகையா, நாமே பெற்ற அனுபவமா? தமிழில் இந்தச் சண்டையை மூட்டுவதே சிரமம். 'கை பட்டது' என்பதிலும் 'பட்டறிவு' என்பதிலும் இருப்பது ஒரே 'படு'. தொல்காப்பியமும் உயிர்களை அறிவால் வகுக்கும்போது 'உற்றறிவது', அதாவது தொடு உணர்விலிருந்தே தொடங்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும்கூட அது உண்டாம். போகட்டும், பிரித்தே பார்ப்போம்.

அனுபவத்தின் தரப்பில் நான் அழைக்கும் சாட்சி மைக்கேல் காலின்ஸ். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்க, விண்கலத்தில் தனியாக நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தவர். சுமார் 28 மணி நேரம் துணைக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கம் போனதும் ஏறக்குறைய 48 நிமிடங்கள் பூமியின் குரலும் அறுந்துவிடும். எந்த மனிதக் கையும் எட்டாத தொலைவு. ஆனால் அவர் வாடவில்லை. நிறைவாக, கிட்டத்தட்டக் களிப்பாகவே இருந்ததாகப் பின்னாளில் எழுதினார். பலமான சாட்சிதான்.

எதிர்த்தரப்பில் உளவியலாளர் ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டிகள். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று பால் புட்டியோடு வெறும் கம்பி; மற்றது துணி போர்த்தியது, பால் கிடையாது. குட்டிகள் கம்பியிடம் பாலைக் குடித்துவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டே கழித்தன. கொடுமையான சோதனை, அதைப் பாராட்ட எனக்கு மனமில்லை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் நடந்தது அதைவிட அழகு. இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். வேறு வழியில்லாமல் தொடங்கியதை இன்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு அனுபவம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது?

நான் தொடுகையின் கட்சி. அனுபவமே பெரிது என்று வாதிடுபவர்கள் பெரும்பாலும் நடுவயதில், நல்ல உடம்போடு, பயணப் பையும் கையுமாக இருப்பவர்கள். காலின்ஸும் அப்போது 38 வயதுக்காரர். வீட்டில் மனைவியும் மூன்று குழந்தைகளும் காத்திருந்தார்கள். திரும்பி வர ஒரு மடி இருப்பவனின் தனிமை வேறு கணக்கு.

இன்னொன்று, அனுபவம் நினைவை நம்பி இருக்கிறது. என் பாட்டி காசிக்குப் போனவள். மூன்று பிரசவம், ஒரு புயல், இரண்டு வீடு கட்டியது என்று அவளிடம் கதைகள் தீராது. கடைசி இரண்டு வருடங்களில் எல்லாம் அழிந்துபோயின. காசி என்றால் என்ன ஊர் என்று கேட்டாள். என் பெயரும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும், யார் பிள்ளையோ என்று என் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப்பொட்டில் விரல்களை மடக்கி நெட்டி முறிப்பாள்.