‘ஹரிகேன் கட்’ என்று சொல்லி மரத்தைக் கெடுத்துவிட்டுப் போகிறார்கள்: ஃபுளோரிடாவில் வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை இங்கே புயல் பருவம். மே மாதம் பிறந்துவிட்டால் வாசலில் லாரியை நிறுத்தி, “உங்கள் மரங்களைப் புயலுக்குத் தயார் செய்து தருகிறோம்” என்று கதவைத் தட்டுகிறவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். டாம்பா, ஒர்லாண்டோ, ஜாக்சன்வில் பக்கம் வீடு வாங்கியிருக்கும் நம் ஆட்கள் நிறையப் பேர். இவ்வளவு பெரிய மரங்களைப் பராமரிப்பது பலருக்கும் இதுவே முதல் தடவை. அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

எங்கள் வீடு டாம்பாவுக்குக் கிழக்கே, பிராண்டன் பக்கம். கொல்லையில் லைவ் ஓக் என்கிற பெரிய ஓக் மரம் ஒன்று, முன்பக்கம் இரண்டு குயின் பாம், வேலியோரம் ஒரு சேபல் பாம் (பாம் என்றால் நம் பனை, தென்னை இனத்து மரம்). 2024 மே மாதம் ஒரு மரம் வெட்டும் கம்பெனியைக் கூப்பிட்டோம். வந்தவர் நன்றாகப் பேசினார். ஐ.எஸ்.ஏ. என்கிற சர்வதேச மரவளர்ப்பியல் சங்கத்தின் ‘சர்டிஃபைட் ஆர்பரிஸ்ட்’ (சான்று பெற்ற மரப் பராமரிப்பு நிபுணர்) சான்றிதழின் நகல், இன்சூரன்ஸ் தாள் இரண்டையும் காட்டினார். முதலில் ஓக்கையே எடுத்துவிடச் சொன்னார். “இது வீட்டு மேலதான் விழும்” என்று பயமுறுத்தி 4,200 டாலர் கேட்டார். நாங்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1,850 டாலருக்குப் பேசி முடித்தோம். என்னென்ன வேலை என்பதை ஈமெயிலிலும் வாங்கிக்கொண்டோம்: ஓக்கில் காய்ந்த கிளைகள், கூரையை உரசும் ஒரு கிளை, பாம் மரங்களில் காய்ந்த மட்டைகள். இவ்வளவுதான்.

வேலை நாளன்று அவர் வரவில்லை. வேறு ஒரு கூட்டம் வந்து இறங்கியது. அப்போது அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை வைத்திருந்தவர். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியில் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தபோது அவருடைய தோப்பும் போனது. ஆபீஸில் இருந்த எனக்குப் போன் செய்தார். “ஏம்மா, காஞ்ச மட்டைய மட்டும் எடுக்கச் சொன்னேன்னு சொன்னியே, இவன் பச்சை மட்டையெல்லாம் வழிச்சு எடுக்கிறான். குருத்தைச் சுத்தித் தாங்கி நிக்கிறதே அதுதானேம்மா?” போனை வேலைக்காரர்களில் மூத்தவரிடம் கொடுக்கச் சொன்னேன். “இங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தான் மேடம், இதுக்குப் பேர்தான் ஹரிகேன் கட், காற்று பிடிக்காது” என்றார். நிறுத்தச் சொன்னேன். நான் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குயின் பாம் இரண்டிலும் நேராக மேலே நிற்கிற நாலைந்து மட்டை மட்டும் மிச்சம். ஓக்கைப் பார்த்துத்தான் எனக்கு அழுகையே வந்தது. தண்டிலிருந்து பிரிகிற பெரிய கிளைகள் ஒவ்வொன்றிலும் உள்பக்கத்துச் சின்னக் கிளைகளைச் சுத்தமாக வழித்து எடுத்திருந்தார்கள். இருபதடி, இருபத்தைந்தடி நீளத்துக்கு வெறும் கட்டை. நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை, சிங்கத்தின் வாலைப் போல. இதற்கு இங்கே பெயரே ‘லயன் டெயிலிங்’தான். அடிமரத்தில் ஆள் உயரத்திலிருந்து மேலே வரைக்கும் வரிசையாக ஓட்டைகள். ஆணி வைத்த ஷூவோடு ஏறியிருக்கிறார்கள். வெட்டி எடுக்கிற மரத்தில் மட்டும்தான் அப்படி ஏறலாம். வாழ வேண்டிய மரத்தில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு புண், நோய் நுழைய ஒரு வழி. பாம் மரத்துக்கு அந்தப் புண் கடைசிவரை ஆறாது.

அப்புறம் பணம். குப்பை அதிகமாகிவிட்டதாம், கூட 600 டாலர் வேண்டுமாம். கார்டு மெஷினும் வேலை செய்யவில்லையாம். பேசிய 1,850ஐ ஸெல் (Zelle) என்கிற பணம் அனுப்பும் ஆப்பில் வாங்கிக்கொண்டார்கள். கூடுதல் 600ஐத் தர மாட்டோம் என்றதும், வெட்டிய கிளைகளைப் புல்வெளியிலேயே போட்டுவிட்டு லாரியைக் கிளப்பிப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 9 ராத்திரி மில்டன் புயல் சரசோட்டாவுக்குப் பக்கத்தில் சியெஸ்டா கீயில் கரையேறியது. எங்கள் ஓக்கின் இரண்டு பெரிய கிளைகள் பாதியில் முறிந்து நீச்சல் குளத்துக் கூண்டின்மேல் விழுந்து, அலுமினியச் சட்டமும் வலையும் நொறுங்கின. ஒரு குயின் பாமின் தலை திருகிக்கொண்டு வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டிலும் ஏறக்குறைய அதே வயதுள்ள லைவ் ஓக் ஒன்று நிற்கிறது. ஹரிகேன் கட் எதுவும் பார்க்காத மரம். அதில் சுள்ளிகளும் இலைகளும் கொட்டியதோடு சரி.

இன்சூரன்ஸில் ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. இங்கே சாதாரண டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தருவதற்கு முன் நாம் ஏற்க வேண்டிய தொகை) வேறு, ஹரிகேன் டிடக்டிபிள் வேறு. பெரும்பாலான பாலிசிகளில் ஹரிகேனுக்கானது வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். நான்கு லட்சம் டாலருக்குக் காப்பீடு என்றால் முதல் 8,000 உங்கள் தலையில்தான். நீச்சல் குளத்துக் கூண்டைப் பல பாலிசிகள் தனியாகச் சேர்த்தால்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

புயலுக்குப் பிறகு உண்மையான ஆர்பரிஸ்ட் ஒருவரை வரவழைத்தோம். முறிந்த இடங்களைக் காட்டி அவர் விளக்கினார். கிளையின் உள்பக்கம் இலைகள் இருந்தால் காற்றின் விசை நீளம் முழுக்கப் பரவும், கிளை ஆடுகிற ஆட்டமும் சீக்கிரம் அடங்கும். அவற்றை வழித்துவிட்டால் எடையும் காற்றும் நுனிக்குப் போய்விடும், நடுவில் முறியும். பாம் விஷயத்தில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஐஃபாஸ் என்கிற உணவு, விவசாய அறிவியல் பிரிவு இதை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது: 2004, 2005 புயல்களில், நிறைந்த தலையோடு நின்ற பாம்களைவிட ஹரிகேன் கட் செய்த பாம்களுக்குத்தான் தலை முறிந்து போவது அதிகமாக இருந்தது. பாமுக்கு உள்ளது ஒரே ஒரு குருத்து. அது போனால் மரம் போச்சு. பச்சை மட்டைகள்தான் அதற்குக் கவசமும் சாப்பாடும். சும்மா நின்று பார்த்தே அப்பா சொன்னதும் இதைத்தான்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். ஐ.எஸ்.ஏ.வின் ‘ட்ரீஸ் ஆர் குட்’ தளத்தில் பெயரையோ எண்ணையோ போட்டால் சான்றிதழ் உண்மையா என்று தெரிந்துவிடும். எங்களுக்குக் காட்டிய எண் வேறு ஊரில் இருக்கிற வேறு ஒருவருடையது. இன்சூரன்ஸ் தாளில் இருந்த ஏஜென்ட்டுக்குப் போன் செய்தால், அந்தப் பாலிசி பணம் கட்டாமல் மார்ச் மாதமே ரத்தாகிவிட்டது என்றார். எங்கள் மரத்திலிருந்து அந்தப் பையன்களில் ஒருவன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னமும் பதறுகிறது. பாவம், அவர்களுக்கும்தான் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கம்பெனியோ, “புயலுக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று ஒரு மெசேஜ் அனுப்பியதோடு சரி, அதன் பிறகு போனை எடுப்பதில்லை.

ஃபுளோரிடாவில் மரம் வெட்டுகிறவர்களுக்கு மாநில அளவில் லைசென்ஸ் கிடையாது. சில கவுன்ட்டிகளில் (மாவட்டங்களில்) தனி விதி உண்டு. மற்ற இடங்களில் ரம்பமும் லாரியும் இருந்தால் யாரும் தொழில் செய்யலாம். அதனால் விசாரிக்கிற பொறுப்பு முழுக்க நம்முடையது. சான்றிதழை நீங்களே தளத்தில் சரிபாருங்கள். லயபிலிட்டி (நம் சொத்துக்குச் சேதம் வந்தால்), வொர்க்கர்ஸ் காம்பென்சேஷன் (வேலையாளுக்கு அடிபட்டால்) என்கிற இரண்டு இன்சூரன்ஸுக்கும் சான்று ஏஜென்ட்டிடமிருந்து நேராக உங்களுக்கு வரட்டும். கம்பெனிக்காரர் நீட்டுகிற தாளை நம்பாதீர்கள். சான்றிதழ் வைத்திருப்பவர் வேலை நடக்கும்போது மரத்தடியில் இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ‘ஏ300’ என்கிற அமெரிக்கக் கவாத்து (கிளை வெட்டும் முறை) தரத்தின்படி வேலை செய்வதாகவும் எழுதித் தரட்டும். அதைக் கேட்டதும் முழிக்கிற ஆளை அப்படியே வழியனுப்பிவிடலாம். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பிறகு ஆட்சேபிக்க ஒரு வழி இருக்கிறது. ஸெல்லில் போன பணம் திரும்பி வராது.

மரத்தை எடுத்துவிடச் சொல்லி ஒருவர் பயமுறுத்தினால், அது என்ன மரம் என்று முதலில் பாருங்கள். 1992 ஆண்ட்ரூ தொடங்கிப் பல புயல்களுக்குப் பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விழுந்ததையும் நின்றதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். லைவ் ஓக், சேபல் பாம், சதர்ன் மக்னோலியா, பால்ட் சைப்ரஸ், கிரேப் மிர்டில் எல்லாம் நன்றாகத் தாங்குகிற வகை. லாரல் ஓக், வாட்டர் ஓக் சீக்கிரம் உள்ளே உளுத்துப்போகும். பாமில் குயின் பாமும் வாஷிங்டன் பாமும் பலவீனமானவை. லாரல் ஓக்கையும் லைவ் ஓக்கையும் பார்த்ததும் பிரித்துச் சொல்வது எளிதல்ல, அதனால் இதற்கு மட்டுமாவது ஆர்பரிஸ்ட்டுக்குச் செலவழியுங்கள். மரம் உண்மையிலேயே ஆபத்தானது என்று அவர் மதிப்பிட்டு எழுதிக் கொடுத்தால், மாநிலச் சட்டம் 163.045இன்படி உங்கள் வீட்டு மரத்தை வெட்ட நகராட்சி பெர்மிட் தேவையில்லை. அந்தத் தாள் இல்லாமல் வெட்டினால் சில ஊர்களில் அபராதம் உங்களுக்குத்தான்.

நல்ல கவாத்து என்றால் என்ன என்பதையும் எங்கள் ஆர்பரிஸ்ட்டிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இளமரத்திலேயே ஒரே தண்டு மேலோங்கி வளரும்படி பழக்க வேண்டும். இரண்டு தண்டுகள் சமமாக எழுந்து, கவையில் பட்டை உள்ளே சிக்கியிருந்தால் அங்கேதான் முதலில் பிளக்கும். ஒன்றைச் சில வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்குவார்கள். ஒரே தடவையில் பச்சைக் கிளைகளில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது, வயதான மரத்தில் அதைவிடவும் குறைவு. மேல்பக்கத்தை மொட்டையடிக்கவே கூடாது. வெட்டுவாயில் பெயின்ட் பூச வேண்டாம். பாமில், கடிகாரத்தின் ஒன்பது மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே கோடு போட்டது மாதிரி நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு மேலே உள்ள எதையும் தொடக் கூடாது. ஒவ்வொரு பாமுக்கும் போகுமுன் கத்தியையும் ரம்பத்தையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். குயின் பாமைக் கொல்கிற ஃபியுசேரியம் வாடல் நோய் வெட்டுக் கருவி வழியாகவும் பரவும். டிரைவ்வே போடுகிறேன் என்று ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டால் மேலே என்ன கவாத்து செய்தும் பிரயோஜனம் இல்லை. மின்கம்பிக்குப் பத்தடிக்குள் இருக்கிற கிளைக்கு மின்சாரக் கம்பெனியைத்தான் கூப்பிட வேண்டும்.

புயலுக்குப் பெயர் வைத்து, டிவியில் படம் காட்ட ஆரம்பித்த பிறகு எதையும் வெட்டாதீர்கள். ஹெலீன் புயல் வந்து இரண்டு வாரம்கூட ஆகாமல் மில்டன் வந்தபோது தெருவெல்லாம் குப்பை மலையாகக் கிடந்தது. பறந்து வந்து ஆளையும் ஜன்னலையும் அடித்துவிடுமோ என்று அதிகாரிகள் ராப்பகலாக அள்ளினார்கள். வேலையைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

மாநில விவசாய, நுகர்வோர் சேவைத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். 8,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் கேட்கலாம். அங்கேயும் மனு போட்டாயிற்று. வேலை என்ன என்று எழுதிய அந்த ஈமெயிலும், வேலை நடந்த அன்று சாயங்காலம் என் கணவர் நாலு பக்கமும் நின்று எடுத்த படங்களும்தான் எங்கள் ஆதாரம். நீங்கள் வேலைக்கு முந்தைய நாளும் படம் எடுத்து வையுங்கள்.

ஓக் பிழைத்துக்கொள்ளும் என்று ஆர்பரிஸ்ட் சொல்லியிருக்கிறார். வெறும் கட்டைகளாக நின்ற கிளைகளில் உள்பக்கம் துளிர்கள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் எதை வைத்து எதை எடுப்பது என்று மூன்று நாலு வருடத்தில் படிப்படியாகத் தீர்மானிப்போம். அதுவரைக்கும் ஒன்றையும் கிள்ளக்கூட வேண்டாம் என்றார். உங்கள் மரத்துக்கும் இந்த கதி நேர்ந்திருந்தால், அந்தத் துளிர்களைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று யார் வந்தாலும் ஏணியைச் சாய்க்க விடாதீர்கள்.